கன்ட்ரோலர் போன் வரை போகும், திரும்பி வருமா?

வீடியோ கேம் ஆட எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் விலையில் ஆரம்பிப்பதில்லை, "எத்தனை இடத்துல விளையாடப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். ஒரே கணினி, ஒரே கன்சோல் (டிவியில் மாட்டும் கேம் பெட்டி) என்றால் எதை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒருமுறை 'பேர்' (pair) செய்துவிட்டால், அதாவது ஜோடி சேர்த்துவிட்டால், அதோடு முடிந்தது. பகலில் லேப்டாப், ராத்திரி ஹாலில் டிவி, ஊருக்குப் போகும்போது போன் என்று அலைகிற ஆளாக இருந்தால்தான் சிக்கல். முதல் தடவை இணைப்பதில் எந்தக் கன்ட்ரோலரும் பெரிதாகப் படுத்தாது. அங்கே போய்விட்டு இங்கே திரும்பி வரும்போதுதான் அதனதன் குணம் தெரியும்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் அக்கா பையன். லீவுக்கு வந்தபோது தன்னுடைய பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோல்) கன்ட்ரோலரையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். என் லேப்டாப்பில் அதை ப்ளூடூத்தில் கோத்து நாலு நாள் கால்பந்து ஆடினோம். வீட்டுக்குப் போன அன்று ராத்திரி பத்து மணிக்கு போன். "மாமா, பிஎஸ் பட்டன அமுக்குறேன், நீல லைட் மினுக்குது, அப்புறம் அணைஞ்சிடுது. போச்சா?" போகவில்லை. அது பாவம் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற என் லேப்டாப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் கடைசியாக யாரோடு பேர் ஆனதோ அவரை மட்டும்தான் அதற்கு நினைவிருக்கும். யூஎஸ்பி கேபிளை எடுத்து கன்சோலில் செருகி, பிஎஸ் பட்டனை ஒருதரம் அழுத்தச் சொன்னேன், பழைய எஜமானிடம் திரும்பிவிட்டது.

சோனியின் டூயல்சென்ஸை, அதாவது 2020இல் பிஎஸ்5 கூட வந்ததை, வேறு சாதனத்தில் இணைக்க கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், டச்பேடைச் சுற்றியுள்ள லைட் வேகமாக மினுக்க ஆரம்பித்ததும் போனிலோ கணினியிலோ ப்ளூடூத் பட்டியலில் அது தெரியும். அதற்கு முந்தைய டூயல்ஷாக் 4இலும் இதே கதைதான், கிரியேட்டுக்குப் பதில் ஷேர் பட்டன். போவதற்கு ஒரு வழி, வருவதற்குக் கேபிள் என்ற இந்த அவஸ்தைக்கு 2025இல் வந்த ஒரு அப்டேட் வழி செய்தது: டூயல்சென்ஸ் இப்போது நாலு சாதனங்களை நினைவில் வைத்துக்கொள்ளும், முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம் என்று ஆளுக்கொரு பட்டன். பிஎஸ் பட்டனோடு அதில் ஒன்றைச் சேர்த்து ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் அந்த இடத்தில் புது சாதனம் பேர் ஆகும், பிறகு அதே ஜோடியைச் சில நொடி பிடித்தால் அந்தச் சாதனத்துக்குத் தாவும். டூயல்ஷாக் 4க்கு இந்த யோகம் இல்லை.

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் பக்கம் இந்தத் தொல்லை முன்பே குறைவு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கூட வந்த கன்ட்ரோலரின் மேல் விளிம்பில், யூஎஸ்பி துளைக்குப் பக்கத்தில், ஒரு குட்டி பேர் பட்டன் இருக்கிறது. மூன்று நொடி பிடித்தால் எக்ஸ்பாக்ஸ் பட்டன் படபடவென்று மினுக்கும், அதுதான் பேர் ஆகத் தயார் என்பதற்கு அடையாளம். அதே பட்டனை இரண்டு தட்டு தட்டினால் கன்சோலிலிருந்து ப்ளூடூத் சாதனத்துக்கு, இன்னொரு முறை இரண்டு தட்டினால் திரும்பக் கன்சோலுக்கு. கேபிளும் வேண்டாம், எந்த மெனுவுக்குள்ளும் போக வேண்டாம். இது ஏன் முடிகிறது என்றால் கன்சோலோடு அது பேசுவது ப்ளூடூத்தில் இல்லை, மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வயர்லெஸ் முறையில். அது ஒரு அறை, ப்ளூடூத் இன்னொரு அறை, இரண்டிலும் தனித்தனியாக ஆள் இருக்கலாம். ஆனால் ப்ளூடூத் அறையில் ஒரு ஆளுக்குத்தான் இடம். போன், லேப்டாப் இரண்டுமே ப்ளூடூத் என்றால் இங்கேயும் மாற்றி மாற்றிப் பேர் செய்கிற வேலை தொடங்கிவிடும்.

பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் ப்ளூடூத்தே கிடையாது, 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்தபோதுதான் சேர்த்தார்கள். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பாருங்கள். மேலே விரல் வைக்கும் பம்பர் பட்டன்களோடு சேர்ந்த பளபளப்பான துண்டாக அது இருந்தால் ப்ளூடூத் இல்லை, முகப்புப் பிளாஸ்டிக்கின் தொடர்ச்சியாக இருந்தால் உண்டு. விற்பவர் போட்டோவில் இது நன்றாகவே தெரியும், "ஒர்க்கிங் கண்டிஷன்" என்று அவர் எழுதியிருப்பதை நம்புவதைவிட இது மேல்.

விண்டோஸ் கணினிக்கு வந்தால் போட்டியே இல்லை, எக்ஸ்பாக்ஸ்தான். காரணம் எக்ஸ்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த, எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்று கேமுக்குச் சொல்லும் இந்த முறையைத்தான் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான பிசி கேம்கள் எதிர்பார்க்கின்றன. டூயல்சென்ஸையோ நின்டென்டோ கன்ட்ரோலரையோ ப்ளூடூத்தில் இணைத்தால் விண்டோஸ் "கனெக்டட்" என்று சிரித்த முகமாகச் சொல்லும், ஆனால் பல கேம்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. இணைப்பு வேறு, கேமுக்குப் புரிவது வேறு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேம் என்றால் கவலை இல்லை, ஸ்டீம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியில் அந்தந்த வகைக்கான ஆதரவை ஆன் செய்தால் நடுவில் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கும். வேறு இடத்தில் வாங்கியதை ஸ்டீமில் வெளிக் கேமாகச் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது டிஎஸ்4விண்டோஸ் மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிடாதீர்கள். ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தின மாதிரி ஆகும், மெனுவில் ஒன்றைத் தாண்டி ஒன்று குதிக்கும், நான் ஒரு ராத்திரி முழுக்க பட்டன் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டூயல்சென்ஸை வாங்கச் சொல்பவர்கள் ட்ரிகர் (பின்பக்கம் ஆள்காட்டி விரலால் அழுத்தும் பட்டன்) விரலுக்கு எதிராக இறுகுவதைப் பற்றி உருகி உருகிப் பேசுவார்கள். உண்மைதான், வில்லை இழுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் கணினியில் அதை ஆதரிக்கிற கேம்களில் பெரும்பாலானவை கேபிள் போட்டால்தான் அதைத் தரும். வயர்லெஸ்ஸுக்காக வாங்கிவிட்டு அதன் சிறப்புக்காக வயர் போட்டு உட்கார வேண்டும். ஹெட்போன் விஷயத்தில் இரண்டு தரப்பும் ஒன்றுதான்: கணினியோடு ப்ளூடூத்தில் இருக்கும்போது கன்ட்ரோலரில் உள்ள ஹெட்போன் துளையில் சத்தம் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட்டின் தனி வயர்லெஸ் அடாப்டர் வாங்கிக் கணினியில் செருகினால் அதுவும் வேலை செய்யும், எட்டு கன்ட்ரோலர் வரை அது தாங்கும்.

நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான ப்ரோ கன்ட்ரோலர் கையில் பிடிக்க எனக்கு மூன்றிலும் பிடித்தது, சார்ஜ் சுமார் 40 மணி நேரம் நிற்கும் என்கிறது நின்டென்டோ, டூயல்சென்ஸ் அதில் கால்வாசிதான். ஆனால் இது வீட்டைவிட்டு வெளியே போகப் பிரியப்படாத பிள்ளை. பின்பக்க ட்ரிகர்கள் வெறும் ஆன்-ஆஃப், பாதி அழுத்தம் என்பதே கிடையாது, கார் ரேஸில் ஆக்சிலேட்டர் ஒன்று முழுசாக இருக்கும் இல்லை இருக்காது. ஏ, பி பட்டன்களும் எக்ஸ், ஒய் பட்டன்களும் எக்ஸ்பாக்ஸுக்கு நேர்மாறாக இருக்கும், அதனால் திரையில் "ஏ அழுத்து" என்று வரும்போதெல்லாம் ஒரு நொடி மூளை தடுமாறும். ஸ்விட்சில் விளையாடாதவர் இதை வாங்குவதில் அர்த்தமில்லை. ஸ்விட்சுக்கு எக்ஸ்பாக்ஸ், சோனி கன்ட்ரோலர் நேரடியாக ஒத்துவராது என்பதும் நினைவிருக்கட்டும், 8பிட்டோ போன்றவர்கள் விற்கும் குட்டி அடாப்டர் வேண்டும்.

சரி, இவற்றில் எதுவுமே வேண்டாம், ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் டாங்கிளோடு, அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் குட்டி ரிசீவரோடு, வருகிறதே, அது? நான் முதலில் ஏளனமாகத்தான் பார்த்தேன். ஆனால் சாதனம் மாற்றுவது என்று வரும்போது அதைப்போல நிம்மதி வேறு இல்லை. பேரிங் என்பதே கிடையாது, டாங்கிளும் கன்ட்ரோலரும் கடையிலிருந்து வரும்போதே கல்யாணம் முடிந்து வருகிறவை. டாங்கிளைப் பிடுங்கி டிவியில் செருகினால் டிவி, கணினியில் செருகினால் கணினி. சில மாடல்களில் எக்ஸ்இன்புட்டுக்கு மாற ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். டாங்கிள் தொலைந்தால் கதை முடிந்தது, ஐபோனுக்கு லாயக்கில்லை, ஜாய்ஸ்டிக் ஒரு வருஷத்தில் தானாக ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கலாம். என்னிடம் இருந்த ஒன்றில் வலது ட்ரிகர் ஏழாம் மாதமே கழன்றது, கடைக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு "ஆறு மாசம்தான் சார்" என்றார்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கணினிப் பெட்டியின் பின்னால், யூஎஸ்பி 3 துளையில், பக்கத்திலேயே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் செருகியிருந்தால் கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்யலாம். யூஎஸ்பி 3இல் டேட்டா ஓடும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. டாங்கிளும் ப்ளூடூத்தும் வீட்டு வைஃபையில் பாதியும் அந்தச் சந்தில்தான் நடமாடுகின்றன. ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை மேஜை மேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கணினியில் ப்ளூடூத்துக்காகச் செருகும் குட்டி டாங்கிளுக்கும் இது பொருந்தும்.

போனில் ஐபோனும் ஆண்ட்ராய்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. ஐபோனில் 2019இன் ஐஓஎஸ் 13 எக்ஸ்பாக்ஸையும் டூயல்ஷாக் 4ஐயும் ஏற்றது, 14.5இல் டூயல்சென்ஸ், ஐஓஎஸ் 16இல் நின்டென்டோவும் வந்துவிட்டது. பட்டியலில் உள்ளது என்றால் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் எதை வேண்டுமானாலும் இணைக்கலாம், பட்டன்கள் சரியான இடத்தில் இருக்குமா என்பது அந்தந்த போனின் பாடு. டூயல்சென்ஸ் ஒழுங்காக வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. இதையெல்லாம்விட முக்கியம், கேம் ஒத்துக்கொள்கிறதா என்பது. பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) கேமுக்காக கன்ட்ரோலர் வாங்கிவிட்டு முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கேம் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. பட்டனைத் திரைத் தொடுதலாக மாற்றும் ஆப்கள் இருக்கின்றன, கணக்கு முடங்கினால் அழக்கூடாது. கால் ஆஃப் டியூட்டி மொபைல் ஏற்கும், ஆனால் கன்ட்ரோலர் ஆட்களோடு கன்ட்ரோலர் ஆட்களைத்தான் மோதவிடும்.

டிவியில் "கன்ட்ரோலர் லேட்டாகுது" என்று வரும் புகாரில் பாதி கன்ட்ரோலர் மேலுள்ள தப்பே இல்லை. படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று டிவியே நேரம் எடுத்துக்கொள்கிறது. பிக்சர் செட்டிங்ஸில் கேம் மோடை ஆன் செய்துவிட்டு அப்புறம் திட்டுங்கள். மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் புது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பட்டியலில் தெரியும், இணைந்த மாதிரி இருக்கும், உடனே விட்டுப்போகும். கன்ட்ரோலரைக் கேபிளில் விண்டோஸ் கணினியோடு இணைத்து எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரிஸ் ஆப் வழியாக அப்டேட் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டாங்கிள் கன்ட்ரோலர்தான் அந்தப் பெட்டிக்கு.

என் சொந்தக் கணக்கு இது: கணினியும் போனும் மட்டும் என்றால் எக்ஸ்பாக்ஸ், அதில் டபுள் ஏ பேட்டரி போடுவதால் இரவு பதினொன்றுக்குத் தீர்ந்தாலும் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பிஎஸ்5 இருந்தால் அதோடு வருகிறதே போதும், இன்னொன்றுக்குக் காசு போடாதீர்கள், அப்டேட் மட்டும் செய்துகொள்ளுங்கள். டிவிக்கு மட்டும், அதுவும் சின்னப் பிள்ளைகள் தூக்கிப் போடுவார்கள் என்றால், டாங்கிள்.

போன வாரம் அக்கா பையன் மறுபடி வந்தான். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தவன் நான் வாய் திறப்பதற்குள் பிஎஸ் பட்டனோடு இன்னொன்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "சதுரம் உங்க லேப்டாப் மாமா, முக்கோணம் எங்க வீடு."