மூக்குக்கு இரண்டாவது ஆபரேஷன்: கீழ்ப்பாக்கம் டாக்டரிடம் என் அனுபவம்

முதல் ஆபரேஷன் வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம். வளைந்த மூக்குத் தண்டை நேராக்கி, மேலே இருந்த மேட்டையும் செதுக்கிவிடலாம் என்றார்கள். ஆறே மாதத்தில் மூக்கு நடுவில் பள்ளம் விழுந்து, இடது பக்கம் மூச்சே போகவில்லை. எப்போது போய்க் கேட்டாலும் "வீக்கம் வடியட்டும்மா" என்ற ஒரே பதில்தான். ராத்திரி முழுக்க வாயால் மூச்சு விட்டு, காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுவேன்.

அப்புறம் அத்தை சொல்லித்தான் கீழ்ப்பாக்கத்தில் இந்த டாக்டரிடம் போனேன். அவர் என் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து லேசாக வெளிப்பக்கம் இழுத்து, "இப்ப மூச்சு இழுங்க" என்றார். குபுக்கென்று காற்று உள்ளே போனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே மூச்சுப் பாதையின் பக்கச் சுவர் சரிந்திருக்கிறது, சொட்டு மருந்தால் இது சரியாகாது என்றார். ஆனால் உடனே கத்தி எடுக்கவில்லை. முதல் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடமாவது ஆகட்டும், தழும்பு இளகாமல் தொட்டால் இன்னும் கெடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பழைய ஆபரேஷன் குறிப்பைக் கேட்டார், அதை வாங்க நான் மூன்று தடவை அலைந்தேன். மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்பில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், பள்ளத்தைச் சரிசெய்ய அங்கே போதுமான அளவு மிச்சமில்லை என்று அதில்தான் தெரிந்தது. காதுக் குருத்தெலும்பு மெல்லியது, பள்ளத்தைத் தூக்கி நிறுத்தாது, அதனால் விலா எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பை எடுத்து வைக்க வேண்டும் என்றார். அது பின்னால் வளையக்கூடும், மூக்கு நுனி விறைப்பாக இருக்கும், பழைய போட்டோவில் இருக்கும் மூக்கு திரும்ப வராது என்பதையெல்லாம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே சொன்னார். முதல் இடத்தில் இதில் ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. மூக்கைவிட நெஞ்சுதான் வலித்தது, இருமினால் உயிர் போகும், ஒரு வாரம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமினேன். ஏழாம் நாள் கட்டு பிரித்தார்கள். கண்ணாடியை மூக்கில் வைக்கக் கூடாது என்பதால் பல வாரம் நெற்றியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

குறை என்றால் காத்திருப்புதான். ஆறு மணிக்கு வரச் சொல்லி எட்டரைக்குக் கூப்பிடுவார்கள். செலவும் முதல் தடவையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகுக்கான சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கிடையாது, ஆனால் மூச்சு அடைப்பைப் பற்றி டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்ததால் ஒரு பகுதி கிடைத்தது. இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. நுனியில் இன்னும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் தண்டு நேராகத் தெரிகிறது. போன வாரம் அம்மா ரசத்துக்குத் தாளித்த பெருங்காய வாசனை மாடி வரைக்கும் வந்தது, கீழே இறங்கி அடுப்படிக்கே போய் நின்றுவிட்டேன்.