ஹாட் டாஸ்கிங் மேனேஜர்: கட்டம் கட்டமாக வரையும் தளம்

பேரிடர் மீட்புக்கும் பொதுச் சுகாதாரப் பணிகளுக்கும் வேண்டிய வரைபடங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு உருவாக்கும் அமைப்பு ‘ஹுமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டீம்’, சுருக்கமாக ஹாட். அதன் டாஸ்கிங் மேனேஜர் என்னும் இணையச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்திவருபவன் என்ற முறையில் அதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன். சேவை முற்றிலும் இலவசம். எவரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கும், ஓரளவு நல்ல இணைய இணைப்பும், கணினியுடன் ஒரு மவுஸும் இருந்தால் போதும். கைபேசித் திரையில் கட்டடங்களை வரைய முயல்வது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு.

இத்தகைய தளம் ஏன் தேவைப்பட்டது என்பதை 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியைத் தாக்கிய நிலநடுக்கம் உணர்த்தியது. தலைநகர் போர்ட்டோபிரின்ஸின் தெருக்கள் அன்றைக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பெரும்பாலும் இடம்பெற்றிருக்கவில்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தம் படங்களைப் பயன்படுத்த அனுமதித்ததும், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் மக்கள் தங்கியிருந்த முகாம்களையும் சில நாட்களிலேயே வரையத் தொடங்கிவிட்டனர். மீட்புக் குழுக்கள் அந்த வரைபடத்தைத் தம் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு களத்தில் இறங்கின. ஆனால் நூற்றுக்கணக்கானோர் ஒரே நகரத்தை ஒரே நேரத்தில் வரையும்போது, ஒருவர் வரைந்த தெருவையே இன்னொருவரும் வரைவதும், ஒரு பகுதி எவர் கண்ணிலும் படாமல் விடுபடுவதும் இயல்பு. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதே டாஸ்கிங் மேனேஜரின் வேலை.

வரைய வேண்டிய நிலப்பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தை நாம் எடுத்துக்கொண்டால் அது இரண்டு மணி நேரம் நமக்காகப் பூட்டப்படும். அதற்குள் முடிக்காவிட்டால் தானாகவே விடுபட்டு அடுத்தவருக்குப் போய்விடும். ஐடி என்னும் எளிய வரைகருவி உலாவியிலேயே திறக்கிறது. செயற்கைக்கோள் படத்தின் மேல் வீட்டின் நான்கு மூலைகளையும் சொடுக்கி, ‘கியூ’ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகின்றன. ஆப்பிரிக்கக் கிராமங்களில் நிறைந்திருக்கும் வட்டக் குடிசைகளுக்கு ‘ஓ’ விசை. கட்டடங்கள் மிக நெருக்கமாக இருந்தால் கட்டத்தை மேலும் பிரித்துக்கொள்ளலாம். மேகம் மறைத்திருந்தால் படம் சரியில்லை என்று குறித்துவிட்டு விலகலாம். பிறர் தொடுவதற்கு அஞ்சும் ஒரு பொது வரைபடத்தில் புதியவர் ஒருவரையும் அரை மணி நேரத்தில் பயனுள்ள வேலை செய்ய வைக்கும் இந்த ஒழுங்குக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

தரம் என்று வரும்போது அவ்வளவு தாராளமாக இருக்க இயலவில்லை. கூரையின் நிழலைச் சேர்த்து வரைவது, ஒட்டியிருக்கும் நான்கு வீடுகளை ஒன்றாக்குவது, படம் சில மீட்டர் விலகியிருப்பதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் சாலையின் மேல் நகர்த்திவிடுவது ஆகியவை தொடக்கநிலையினரிடம் வழக்கமாகக் காணப்படும் பிழைகள். இவற்றைத் திருத்துவதற்கென்றே இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு உண்டு. அனுபவமுள்ள ஒருவர் கட்டத்தைப் பார்வையிட்டு ஏற்கலாம், அல்லது குறிப்பெழுதித் திருப்பி அனுப்பலாம். ஏற்பாடு சிறப்பானதே, எனினும், பலர் ஒன்றுகூடி வரைவதற்காகக் கல்லூரிகளில் நடக்கும் மேப்பத்தான் நிகழ்ச்சிகள் வரைபவர்களைத் திரட்டும் வேகத்தில் சரிபார்ப்பவர்களை உருவாக்குவதில்லை என்பதால், பல திட்டங்களில் வரைந்த விழுக்காடு ஏறிக்கொண்டே போக, சரிபார்த்த விழுக்காடு பின்தங்கி நிற்பதைத் திட்டப் பக்கத்திலேயே காணலாம். இயந்திரக் கற்றல் முன்மொழியும் கட்டட உருவங்களை ஏற்கும் வசதியும் இப்போது வந்துள்ளது. செவ்வகக் கூரைகள் உள்ள ஊர்களில் அது உதவுகிறது. மண்ணின் நிறத்திலேயே இருக்கும் ஓலைக் கூரைகளில் மனிதக் கண்ணையே நம்புவது நல்லது.

இதைவிட அடிப்படையான எல்லை ஒன்று உண்டு. வானிலிருந்து பார்ப்பவருக்குக் கூரை தெரியும். அது பள்ளியா, மருத்துவமனையா, அந்தத் தெருவை ஊரார் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பது தெரியாது. 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது, கட்டடச் சேதத்தையும் படங்களைப் பார்த்தே குறிக்க முயன்றனர். பின்னர் கள ஆய்வோடு ஒப்பிட்டபோது அந்தக் குறிப்புகள் போதிய அளவு நம்பத்தக்கவையாக இல்லை. இதற்கு மாறாக, நேபாளத்தில் 2013-இல் அமைந்த காத்மாண்டு லிவிங் லேப்ஸ் குழுவினர், 2015 ஏப்ரல் 25 அன்று நிலநடுக்கம் வருவதற்கு முன்பே காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நேரில் சென்று பதிந்திருந்தனர். வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வரைந்த கோடுகளை மீட்புப் பணிக்கு ஏற்றவாறு நெறிப்படுத்த அந்த உள்ளூர்க் குழுவால் முடிந்ததற்கு அதுவே காரணம். டான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 2015-இல் தொடங்கிய ரமானி ஹுரியா திட்டத்தில் மாணவர்களும் குடியிருப்போரும் தெருத்தெருவாகச் சென்று வடிகால்களைப் பதிந்தது இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. நம் சென்னையிலும், 2015 வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்ட ஒரு வரைபடத்தில் நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே சொடுக்கிக் குறித்தனர். தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது கைகூடியது.

வரைந்தவை யாவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சேர்வதால், எவரும் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகளில் இணையம் இல்லாத இடத்திலும் திறந்து பார்க்கலாம். நிறுவனம் ஒன்றின் அனுமதிக்காகக் களப்பணியாளர் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இச்சேவையின் ஆகப் பெரிய வலு.

புதிதாகச் சேர விரும்புவோர், பேரிடர்ச் செய்தி வெளியான அன்று மட்டும் நுழைவதைவிட, 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஹாட்டும் சேர்ந்து தொடங்கிய மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும். அவை பேரிடருக்கு முன்பே, அவசரமின்றி நடப்பவை. தவறு செய்து திருத்திக்கொள்ளவும் இடமுண்டு. திட்டத்தை எந்த அமைப்பு கேட்டிருக்கிறது, எதற்காகக் கேட்டிருக்கிறது என்பதைக் குறிப்பில் படித்த பிறகே கட்டத்தைப் பூட்டுங்கள். சில மாதங்கள் பழகிய பின் ஐடியைவிட மேம்பட்ட வரைகருவியான ஜோசம் மென்பொருளைக் கற்றுக்கொண்டு சரிபார்ப்புக்கு வாருங்கள். ஆள் பற்றாக்குறை அங்கேதான் இருக்கிறது.