பவர் பிஐ டெஸ்க்டாப்: மாடல் வியூ எப்படி?

தரவுகளை அலசி அறிக்கை தயாரிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் இந்த மென்பொருளின் உண்மையான பலம், டேபிள்களின் உறவுகளைக் கோடுகளாகக் காட்டும் மாடல் வியூதான். பொருட்கள் டேபிளை விற்பனை டேபிளோடு ஒன்றுக்குப் பல (ஒரு பொருளுக்குப் பல விற்பனை வரிகள்) என்று இணைத்தால், ஃபில்டர் 'ஒன்று' பக்கத்திலிருந்து 'பல' பக்கத்துக்கு மட்டுமே பாயும். கோட்டின் நடுவிலுள்ள அம்புக்குறி அதைத்தான் காட்டுகிறது. பொருளைத் தேர்ந்தெடுத்தால் விற்பனைத் தொகை மாறும். ஆனால் விற்பனையிலிருந்து பொருட்களுக்கு ஃபில்டர் திரும்பிப் பாயாததால், வாடிக்கையாளர்வாரியாகப் பொருட்கள் டேபிளின் வரிகளை எண்ணினால் எல்லா வரியிலும் ஒரே எண்தான் வரும்.

இதைச் சரிசெய்ய, பலர் கிராஸ் ஃபில்டர் திசையை (ஃபில்டர் பாயும் திசையை) இருபுறமும் என்று மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். டேபிள்களுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதை உருவாகிக் குழப்பும், வேகமும் குறையும். தேவையான மெஷரில் (கணக்கீட்டுச் சூத்திரத்தில்) மட்டும் கிராஸ்ஃபில்டர் ஃபங்ஷனைப் போடுங்கள்.

ஆர்டர் தேதி, டெலிவரி தேதி இரண்டையும் ஒரே காலண்டரோடு இணைத்தால் ஒன்றுதான் செயலில் இருக்கும். புள்ளிக்கோடாகத் தெரியும் மற்றதை கால்குலேட் ஃபங்ஷனுக்குள் யூஸ்ரிலேஷன்ஷிப் ஃபங்ஷனைக் கொடுத்துத்தான் இயக்க வேண்டும். அருமையான ஏற்பாடு இது.

பொருட்களைத் தேர்ந்தெடுக்கும் ஸ்லைசரில் (அறிக்கையில் வைக்கும் ஃபில்டர் பட்டியலில்) வெற்று வரி வந்தால், விற்பனையிலுள்ள ஏதோ ஒரு குறியீடு பொருட்கள் டேபிளில் இல்லை என்று அர்த்தம்.

எரிச்சல் தருவது, டேட்டா ஏறியதும் தானாக உறவை ஊகித்து இணைக்கும் வசதி. ஆப்ஷன்ஸில் டேட்டா லோடு பகுதிக்குப் போய் முதலிலேயே அணைத்துவிடுங்கள்.