ஓடுகிற கார் ஆஃப் ஆனால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் என்ன ஆகும்: இரண்டு கார்களில் நான் பார்த்தது

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 2017 டிசம்பரில் ஒரு மாலை, அதில் பாதியைத் தாண்டியபோது என் டீசல் கார் ஆஃப் ஆனது. பின் சீட்டில் அம்மாவும் பையனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆஃப் ஆனதே எனக்கு முதலில் தெரியவில்லை. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் வண்டி இழுக்கவில்லை, அவ்வளவுதான். சத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை, சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. அடுத்த வளைவு நெருங்கியதும் பழக்கத்தில் கிளட்சை மிதித்தேன். அந்த நொடி பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்தன, கையிலிருந்த ஸ்டியரிங் கல்லாகிவிட்டது.

பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. பயத்தில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன், கொஞ்சம் கனத்தது. மூன்றாவது மிதியில் பெடல் மரக்கட்டை மாதிரி நின்றது. இடுப்பை சீட்டில் அழுத்தி, முழங்காலை இறுக்கி மிதித்ததில்தான் வேகம் குறைந்தது. அதற்குள் கிளட்சிலிருந்து இடது கால் தானாக விலகியது. வண்டி ஒரு உதறு உதறியது, ஸ்டியரிங் மறுபடி இலகுவானது. வளைவைத் திருப்பி, மலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அதுவரை அம்மா எழுந்திருக்கவில்லை.

பொள்ளாச்சியில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன், எஞ்சின் சுற்றுவதை அதன் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். சூடானால் சிக்னல் நின்றுவிடும், ஆறினால் சரியாகிவிடும். அதனால்தான் இருபது நிமிடம் கழித்து அங்கேயே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. சென்சாரை மாற்றியதோடு அந்தத் தொல்லை முடிந்தது. எனக்கு அன்று வேறொரு கேள்விதான் இருந்தது. நடுவில் ஏன் எல்லாம் கனத்தது, ஏன் திரும்பவும் இலகுவானது?

"வண்டி ஆஃப் ஆனா பிரேக் போயிடாதுங்க. காலுக்குத்தான் வேலை ஜாஸ்தி," என்றார். பானெட்டைத் திறந்து, பிரேக் பெடலுக்கு நேர் முன்னால் கறுப்பாக உருண்டையாக இருக்கும் பூஸ்டரைக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது அதிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே வேக்கம், அதாவது வெற்றிடம், நிற்கிறது. பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டே உறிஞ்சும். டீசலுக்குத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். நாம் மிதிக்கும் விசையைப் பல மடங்காக்குவது அந்த வேக்கம்தான். எஞ்சின் நின்றாலும் ஒருவழி வால்வு ஒன்று மீதி வேக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று மிதிக்கு அது தாங்கும். ஒவ்வொரு முறை காலை எடுத்து மிதிக்கும்போதும் நாமே அதைச் செலவழித்துவிடுகிறோம். நான் அன்று பயத்தில் செய்தது அதைத்தான். ஒரே மிதியாக மிதித்து, நிற்கும் வரை காலை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

வேக்கம் தீர்ந்த பிறகும் பிரேக் ஆயில் லைன் அப்படியே வேலை செய்யும். அமெரிக்காவின் 135-ஆம் எண் பிரேக் விதியைத் தேடிப் படித்தபோது இதற்கு ஓர் அளவே கிடைத்தது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, நல்ல நிலையில் உள்ள கார் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பூஸ்டர் வேலை செய்யாவிட்டால் 168 மீட்டர் வரை ஆகலாம். பெடலில் 500 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. 500 நியூட்டன் என்றால் 50 கிலோ மூட்டையை ஒரே காலால் தள்ளுவது போல. முடியாத காரியம் இல்லை. ஆனால் அவ்வளவு மிதிக்க வேண்டும் என்று தெரியாதவர் பாதி அழுத்தத்தில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று கைவிட்டுவிடுவார்.

ஸ்டியரிங் கதை வேறு. அந்த டீசல் காரில் இருந்தது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். பெல்ட் மூலம் எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் சுற்றும், ஆயிலுக்கு அழுத்தம் வரும். பிரேக்கைப் போல இதில் சேமிப்பு கிடையாது. எஞ்சின் நின்ற கணமே உதவியும் நிற்கும். அப்பாவின் மாருதி 800-இல் பவர் ஸ்டியரிங்கே இல்லை, ஆனால் சுலபமாகத் திரும்பும். அது எடை குறைந்த வண்டி, ஸ்டியரிங்கும் கைக்கேற்றபடி அமைத்தது. பவர் வைத்த வண்டியில் பம்ப் நின்றுவிட்டால் ஆயிலையும் நம் கைதான் தள்ள வேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது இரண்டு கையாலும் இழுத்தால் திரும்பும். நின்ற இடத்தில்தான் ரொம்பக் கஷ்டம்.

கிளட்சை விட்டதும் எல்லாம் இலகுவானதற்கும் இதே காரணம்தான். கிளட்சை மிதித்ததும் சக்கரத்தோடு இருந்த இணைப்பு விட்டு எஞ்சின் நின்றது. விட்டதும், கியரில் இருந்ததால், சக்கரமே எஞ்சினைச் சுற்ற வைத்தது. டீசல் எரியவில்லை என்றாலும் ஸ்டியரிங் பம்பும் வேக்கம் பம்பும் சேர்ந்து சுற்றின. நியூட்ரலில் இறங்கியிருந்தால் அந்த வளைவில் இது எதுவும் கிடைத்திருக்காது. டீசல் மிச்சம் என்று எஞ்சினை ஆஃப் செய்து நியூட்ரலில் மலை இறக்கும் டிரைவர்களோடு நானும் பயணித்திருக்கிறேன். இப்போது யார் அப்படிச் செய்தாலும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறேன்.

2021-இல் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் கார் வாங்கினேன். அதில் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். உதவி செய்வது பேட்டரி மின்சாரத்தில் ஓடும் மோட்டார். மனைவி ஓட்டப் பழகியபோது கிளட்சைச் சட்டென்று விட்டு, பலமுறை நடுரோட்டில் வண்டி நின்றது. சாவி ஆனில் இருந்தவரை ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் இலகுவாகவே இருந்தது. எல்லா மாடலிலும் இப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் நின்றதும் உதவியைக் குறைக்கும் கார்களும் உண்டு. சாவியை ஆஃப் பக்கம் திருப்பினால் மோட்டார் நிற்கும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் போகும், ஏர்பேகும் போகும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை.

2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சாவி விஷயத்துக்காகத்தான். ஓடும்போதே, சாவிக்கொத்தின் கனத்தில்கூட, இக்னிஷன் சுவிட்ச் தானாக நழுவி எஞ்சினை அணைத்துவிடும். அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 பேரின் மரணத்தை அந்தக் கோளாறோடு சேர்த்தது. அந்த எண்ணைப் படித்த நாளிலிருந்து என் சாவிக்கொத்தில் கார் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்டுவதில்லை.

கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். போன வருடம் நண்பரின் நின்றுபோன காரை உடுமலை ரோட்டில் இழுத்து வந்தோம். பின் வண்டியில் நான் உட்கார்ந்தேன். சாவியை ஆனில் வைத்து, ஹசார்ட் விளக்கு போட்டு, பிரேக் மரக்கட்டையாக இருக்கும் என்ற கணக்கோடு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம் என்று முன் வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படியும் கால் வலி இரண்டு நாள் இருந்தது.

பையனுக்கு இப்போது லைசென்ஸ் வந்துவிட்டது. சாவியைக் கொடுப்பதற்கு முன் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிரேக்கை ஐந்து முறை மிதிக்கச் சொன்னேன். மூன்றாவதிலேயே திரும்பிப் பார்த்தான். "என்னப்பா, இறங்கவே மாட்டேங்குது?" "இன்னும் மிதி. இதுதான் அன்னிக்கு வால்பாறை ரோட்டுல என் காலுக்குக் கிடைச்ச பெடல்," என்றேன். பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். எஞ்சின் பிடித்ததும் அவன் காலுக்குக் கீழே பெடல் ஒரு விரல் அளவு தானாக இறங்கியது. பூஸ்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மாதம் ஒருமுறை அவனே இதைச் செய்து பார்க்கிறான்.