பரமார்த்த குருவோடு ஐந்து வருடங்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட வாரம், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து 'பரமார்த்த குருவின் கதை'யை எடுத்தேன். ஒரு குருவும் அவருடைய ஐந்து முட்டாள் சீடர்களும் படும் பாட்டைச் சொல்லும் சிரிப்புக் கதைகள். எனக்கு ஏழு வயதில் அப்பா வாங்கித் தந்த பிரதி. திருகோணமலையின் உப்புக்காற்றில் தாள்கள் பழுப்பேறி, முதுகு பிய்ந்து, தைத்த நூல் வெளியே தொங்கியது. குதிரை முட்டை என்று நம்பிச் சீடர்கள் வாங்கும் பூசணிக்காயின் படத்துக்கு நான் தீட்டிய பச்சை மட்டும் மங்கவே இல்லை. அன்று தொடங்கி, மனம் கலங்கும்போதெல்லாம் இதைத்தான் கையில் எடுக்கிறேன்.

கலங்கிய நேரத்தில் புதுக்கதை எனக்குப் பாரம். அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பை அது கூட்டிவிடும். இங்கே எல்லாம் தெரிந்ததுதான். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள். அந்தச் 'சுர்' வருவதற்கு இரண்டு வரி முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

சிறுவயதில் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஐவரின் முட்டாள்தனம் மட்டுமே கண்ணில் பட்டது. நாற்பதைத் தாண்டியபின் வேறொன்று தெரிகிறது. எத்தனை தடவை மண்ணைக் கவ்வினாலும் அவர்கள் குருவோடு சேர்ந்தேதான் மடத்துக்குத் திரும்புகிறார்கள். அந்த ஒட்டுதல்தான் என்னை இந்தப் புத்தகத்தில் கட்டிவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆற்றைக் கடந்தபின் ஆள் எண்ணும் கதையைத்தான் அதிகம் வாசித்திருக்கிறேன். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஐந்துதான் வரும், ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் கதறுவார்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன் படகுப்பாதையில்தான் கடப்போம். அக்கரையில் இறங்கியதும் அப்பா அம்மாவையும் தம்பியையும் என்னையும் விரல் நீட்டி எண்ணுவார். "மூன்றுதான் இருக்கிறது! ஒரு ஆளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது!" என்று தலையில் கை வைப்பார். "நீங்கள்தான் அப்பா, உங்களை எண்ணவில்லை" என்று தம்பி அவர் சாரத்தைப் பிடித்து இழுப்பான்.

அப்பா 2018இல் போய்விட்டார். இப்போது எப்படி எண்ணினாலும் மூன்றுதான். அந்தப் பக்கத்தில் பல நாள் அழுதிருக்கிறேன். ஆனால் அதே கதையில் வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் போட்டு எண்ணுவான். ஆறாவது அடி விழுந்ததும் அவர்களுக்கு வருகிற சந்தோஷத்தைப் படித்தால், கன்னம் காய்வதற்குள் சிரித்துவிடுவேன்.

கடைசிக் கதையை மட்டும் தொடுவதில்லை. 'ஆசனம் சீதம் ஜீவித நாசம்' (பின்பக்கம் குளிர்ந்தால் உயிர் போகும்) என்ற வாக்கைச் சிறுபிள்ளையாக உருண்டு புரண்டு சிரித்துப் படித்தவள்தான். குரு இறந்துபோகும் அந்தப் பக்கம் இன்று என்னால் முடியாது. மருந்துக்காக வாசிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போவதில் தவறில்லை.

2021இல் கைபேசியில் வாசித்துப் பார்த்தேன். இரண்டு இரவோடு விட்டுவிட்டேன். கதை நடுவே யாராவது எதையாவது அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் சுருக்கிய சிறுவர் பதிப்புகளை எடுக்க வேண்டாம். இத்தாலியில் பிறந்து, இங்கே வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரின் எழுத்து இது. 1822இலேயே ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது. சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது சீடர்களின் புலம்பலைத்தான். அது நீண்டு நீண்டு போனால்தான் சிரிப்பு வயிற்றுக்குள் இறங்கும்.

வாய்விட்டு வாசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்த நாள்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காஸுக்கு வரிசையில் நின்று கால் வீங்கியிருந்தவர், மாட்டின் நிழலுக்கு வாடகை கேட்கும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா போனபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு இரவுக்கு ஒரு கதை போதும். சேர்ந்தாற்போல் மூன்று நான்கு வாசித்தால் சுவை குறைந்துவிடும்.

போன வாரம் புத்தகத்தைக் கட்டுவதற்குக் கொடுத்திருக்கிறேன். கட்டுகிற ஐயாவிடம் ஓரத்தை வெட்டவே வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். முதல் பக்கத்தின் விளிம்பில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.