துறைக் கழகத் தலைவர்: இறுதி ஆண்டினரா, மூன்றாம் ஆண்டினரா?

மலையகப் பல்கலைக்கழகமொன்றில் எங்கள் புவியியல் கழகத்தின் யாப்பை (அமைப்பு விதிகளை) திருத்தியபோது, தலைவர் பதவிக்கான தகைமை பற்றி இரண்டு முன்மொழிவுகள் வந்தன. சிறப்புப் பட்டத்தின் இறுதி ஆண்டில் பயில்பவரே தலைவராகலாம் என்பது ஒன்று. பதவிக்காலம் முடிந்த பின்னரும் குறைந்தது இரண்டு செமெஸ்டர்கள் இங்கே படிக்க வேண்டியவரே தலைவராகலாம் என்பது மற்றையது. நான்காண்டுப் பட்டத்தில் இது நடைமுறையில் மூன்றாம் ஆண்டினரையே குறிக்கும். இரண்டாவதை ஏற்றோம், நானும் அதற்கே வாக்களித்தேன்.

துறையில் பதிவுசெய்த மாணவராயிருத்தல், ஒழுக்காற்று விசாரணை எதுவும் நிலுவையில் இல்லாதிருத்தல் ஆகியன இரண்டுக்கும் பொது. இறுதி ஆண்டினருக்கு விரிவுரையாளர்களிடம் கூடுதல் அறிமுகமும் கனிஷ்ட மாணவரிடையே மதிப்பும் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆய்வுக்கட்டுரைச் சுமை அவர்களுக்கே அதிகம் என்பதும் எல்லோரும் அறிந்ததே.

என் முடிவைத் தீர்மானித்தது கையளிப்பு. கழகத்தின் வங்கிக் கணக்கில் தலைவர் போன்ற மாணவ நிருவாகி ஒருவரும் விரிவுரையாளரான பெரும்பொருளாளரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும்; நிருவாகி மாறும்போது, புதியவரைத் தெரிவுசெய்த கூட்ட அறிக்கையை வங்கிக்குக் கொடுத்துக் கையொப்பத்தை மாற்ற வேண்டும். இறுதிப் பரீட்சை முடிந்ததும் பழைய தலைவர் பண்டாரவளைக்கோ கொழும்புக்கோ போய்விட்டால், இந்தச் சிறிய வேலையே மாதக்கணக்கில் இழுபடும். அதைவிடப் பெரிய இழப்பு தொடர்புகளில் நேர்கிறது: ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் க.பொ.த. உயர்தர மாணவருக்குக் கருத்தரங்கு நடத்துவதற்கு எந்த அதிபரிடம் பேசினோம், வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எப்படிப் பெற்றோம், எந்தப் பாடசாலையில் எறியி (புரொஜெக்டர்) இல்லை என்பன பெரும்பாலும் கோப்பில் ஏறுவதில்லை. முன்னாள் தலைவர் நான்காம் ஆண்டு மாணவராக அதே துறையில் இருந்தால், புதியவர் விரிவுரை முடிந்த கையோடு கேட்டுத் தெரிந்துகொள்வார்.

‘ஆண்டு’ என்று எழுதாமல் ‘செமெஸ்டர்’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. 2020இல் பெருந்தொற்றாலும் 2022இல் பொருளாதார நெருக்கடியாலும் கல்வி அட்டவணைகள் குலைந்தபின், நாட்காட்டி ஆண்டை வைத்து இறுதி ஆண்டினர் யாரென்று சொல்வது கடினமாயிற்று. மீதமுள்ள செமெஸ்டர்களை எண்ணினால் அந்தச் சிக்கல் எழாது.

முதலாவது முன்மொழிவில் தரப்புள்ளிச் சராசரி (GPA) 3.0 வேண்டுமென்ற நிபந்தனையும் இருந்தது. அதை நான் முற்றாக எதிர்த்தேன். நுவரெலியாவும் பதுளையும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டைப் பெறுபவை. வசதி குறைந்த பாடசாலைகளிலிருந்து வரும் எம்மவர் பலருக்கு முதலாண்டுப் பெறுபேறு தாழ்ந்திருப்பது இயல்பு. ஆனால் தோட்டப் பாடசாலைகளின் தேவையை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? சித்தியடைந்திருந்தால் போதும்.

மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தினர் மட்டுமே உள்ள துறைக்கு எங்கள் விதி பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே இரண்டாம் ஆண்டினர் தலைமை ஏற்க நேரும். என் அனுபவமோ நான்காண்டுத் துறையொன்றில் மட்டுமே. அத்தகைய துறைகள் இரண்டு செமெஸ்டர்களுக்குப் பதிலாக ஒன்றைக் கோரலாம். அந்த ஒன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.