நான்கு வருடம் வீட்டைக் கழுவிய பிரஷர் வாஷர், என்னைப் படுத்திய ஐந்து மீட்டர் ஹோஸ்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அழுக்கைக் கழுவுகிற மெஷின், நேற்று சாயங்காலம்தான் கடையிலிருந்து திரும்பி வந்தது. 1,850 ரூபாய். அதே ராத்திரி சித்தி மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். "அக்கா, உன்கிட்ட இருக்கிற அதே மாடல். ஆஃபர்ல ரெண்டாயிரம் குறைஞ்சிருக்கு. வாங்கவா?" ஒரு வார்த்தையில் பதில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவனுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இவ்வளவு நீண்டுவிட்டது.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம். ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று. நடுவில் வெயில் அடித்தாலும் ரப்பர் மர நிழலில் சுவர் முழுசாகக் காய்வதில்லை. காம்பவுண்டுச் சுவர், முற்றத்து இன்டர்லாக் கல், கிணற்றடி எல்லாம் பச்சைப் பாசி. 2021-ல் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு பிரிப்பதற்கு முன்னாலேயே மெஷினை வாங்கிவிட்டோம். 1700 வாட், பெட்டியில் அழுத்தம் 130 பார் என்று போட்டிருக்கும் ரகம். மீதி விவரமெல்லாம் எங்கேயும் கிடைக்கும். மெஷினோடு வரும் ஹோஸைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

அது ஐந்து மீட்டர். கெட்டி பிளாஸ்டிக். பெட்டிக்குள் எப்படிச் சுருண்டு கிடந்ததோ, நான்கு வருடமாக அதே வளையத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டால் கொஞ்சம் இளகும். தண்ணீர் ஏறியதும் மறுபடி முறுக்கிக்கொள்ளும். சுவரோரமாக இரண்டடி கூடுதலாக நகர்ந்தால் மெஷினை இழுத்து மல்லாக்கத் தள்ளும். எங்கள் முன்பக்கச் சுவர் 18 மீட்டர். அதை முடிப்பதற்குள் மெஷினைக் குறைந்தது நான்கு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவிட்சை அணைத்து, கையில் பிடித்துத் தண்ணீர் அடிக்கும் கன்னை அழுத்தி உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றி, மெஷினைத் தூக்கி வைத்து, அப்புறம் திரும்பவும் ஆரம்பிக்க வேண்டும். கழுவுவதில் கை வலித்ததைவிட இதில் இடுப்பு வலித்ததுதான் அதிகம்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஹோஸ் நீளம் போதாவிட்டால் மெஷின் நம் பின்னாலேயே வரவேண்டும். மெஷின் வந்தால் அதன் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வரும். தண்ணீர் தெறிக்கிற இடத்துக்குக் கரண்டும் வந்து சேரும். முதல் வருடம் அப்படித்தான் ஈரக் கல்மேல் பாக்ஸை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போனது. போர்டில் இருந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் சுவிட்ச், விழுந்திருந்தது. அது இல்லாத பழைய போர்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை சில்லிடுகிறது. அந்த பாக்ஸை எடுத்துப் பார்த்தால் வயரும் சூடாக இருந்தது. 1700 வாட் மெஷின் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டிவிக்குப் போடுகிற 6 ஆம்பியர் பாக்ஸ் அதைத் தாங்காது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில், 16 ஆம்பியர் பிளக்கோடு தனியாக ஒன்று செய்துகொண்டேன். அதைச் சுருளாக விடாமல் முழுசாகப் பிரித்துத்தான் போடுவேன், சாக்கெட் முனையைத் திண்ணைக் கம்பியில் உயரமாகக் கட்டிவிடுவேன். வேலை தொடங்கும் முன் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன்.

இப்போது வந்த பழுதுக்கும் மூலம் அந்த ஹோஸ்தான். முறுக்கு முழுவதும் கன்னோடு சேரும் இடத்தில் வந்து விழுகிறது. அங்கே இருக்கும் சின்ன ரப்பர் ஓ-ரிங் தேய்ந்து ஓரம் கிழிந்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கன்னை விட்டால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும், உள்ளே அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். ஒழுகினால் அழுத்தம் இறங்கும், உடனே மோட்டார் "டிர்ர்" என்று ஒரு நொடி ஓடி நிற்கும். மறுபடி டிர்ர். இந்தச் சத்தத்தை ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டும் நான் கவனிக்காமல் விட்டேன். ஓடி நின்று ஓடி நின்று உள்ளே இருக்கும் சுவிட்சின் முனை கருகிவிட்டது. அதை மாற்றினார்கள், பம்ப் சீலையும் மாற்றினார்கள். கிழிந்த ரிங்கை மெக்கானிக் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதை அப்பவே மாத்தியிருந்தா இருபது ரூபாயோட போயிருக்கும்மா" என்றார். கன்னை விட்ட பிறகும் மெஷின் விட்டு விட்டு உறுமினால் அன்றைக்கே ரிங்கைப் பாருங்கள். இதைப் படிக்கிற எல்லாருக்கும் கெஞ்சிக் கேட்டுச் சொல்கிறேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும்.

முற்றத்தை முதல் தடவை கழுவிய நாள் எனக்கு மறக்காது. கல் பதித்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதில் செங்கல் நிறமும் சாம்பல் நிறமும் மாறி மாறி வரும் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. கன் முனையில் மாட்டும் நாசில் போன வழியெல்லாம் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள் புதுக்கல். அம்மா கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து மதியம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கிணற்றடி வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்து போய் வந்தாள். அந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

தண்ணீரும் மிச்சம்தான். 20 லிட்டர் வாளியை வைத்து அளந்தேன். மெஷின் அதை நிரப்ப மூன்று நிமிடம் எடுத்தது. அதே குழாயில் வெறும் ஹோஸைப் பிடித்தால் ஒன்றரை நிமிடத்தில் வாளி நிரம்பிவிடுகிறது.

ஆனால் பாசியைக் கொல்வது அழுத்தம் என்று நினைத்துத்தான் முதல் வருடம் ஏமாந்தேன். மேலே இருப்பது உரிந்து போகும், கல்லின் துளைக்குள் இருப்பது உயிரோடு இருக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி பச்சை. இப்போது முந்தின ராத்திரியே பத்து லிட்டர் தண்ணீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய வைக்கிறேன். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தெளிந்ததை மட்டும் செடிக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானில் ஊற்றி கல்லில் அடிப்பேன். கால் மணி நேரம் காயாமல் ஊறவேண்டும், அதனால் காலை வெயில் ஏறும் முன்பே செய்துவிடுவேன். பக்கத்தில் இருக்கிற ஆந்தூரியத்துக்கும் குரோட்டன்ஸுக்கும் முன்னாலும் பின்னாலும் நல்ல தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். பச்சை வெளுத்துப் பழுப்பாகிவிட்டால் லேசான அழுத்தமே போதும். இப்படிச் செய்தால் எங்கள் வீட்டில் அடுத்த மழை வரை தாங்குகிறது. இதோடு கழிவறை ஆசிட் எதையும் சேர்த்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சு அடைக்கும்.

இன்டர்லாக் கல்லின் இடுக்கில் இருக்கும் மணலும் கொஞ்சம் போய்விடும். கல்லைச் சாய்வாக அடித்தால் குறைவாகப் போகும். காய்ந்த பிறகு சலித்த மணலைக் கொட்டி விளக்குமாற்றால் தள்ளி நிரப்பிவிடுவேன். விட்டால் கல் ஆட ஆரம்பிக்கும்.

சுவரில் நான் செய்த தப்பு பெரியது. கூடவே சுழன்று அடிக்கும் டர்போ நாசில் ஒன்று தருகிறார்கள். முற்றத்துக்கு அருமையான சாமான். அதையே முன்பக்கச் சுவரில் அரை அடி தூரத்தில் பிடித்தேன். பாசியோடு பெயின்ட் போனது, பெயின்டோடு பட்டி போனது, வட்ட வட்டமாகச் சிமென்ட் தெரிந்தது. அந்த வட்டங்கள் இன்னும் இருக்கின்றன. சுவருக்கு அகலமாக விரியும் 40 டிகிரி நாசில், இரண்டடி தூரத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒரு அடி வரை கிட்டே வரலாம். அதற்கு மேல் கிட்டே போகத் தோன்றினால் மறுபடி பிளீச்சிங் தண்ணீரைத்தான் அடிக்க வேண்டும். எப்போதும் மேலிருந்து கீழாக அடிக்கணும். கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் ஜன்னல் சந்திலும் ஓட்டுக்கு அடியிலும் தண்ணீர் புகுந்து உள்சுவர் ஊறிவிடும். ஏசி வெளிப்பெட்டி, மீட்டர் பெட்டி, வெளி விளக்கு இவற்றின் பக்கமே போக வேண்டாம். ஏசியின் மெல்லிய தகடுகள் ஒரு வீச்சில் மடங்கிவிடும்.

உரிந்த பெயின்டைப் பற்றியும் ஒரு கவலை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் சுவர் அதற்கு முன் அடித்தது. தம்பியின் குழந்தை அந்த மண்ணில்தான் விளையாடும். அதனால் சுவரடியில் தார்ப்பாய் விரித்து, உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கிக் கட்டிப் போட்டேன். பெயின்ட் பொருக்கு விட்டிருக்கும் பழைய சுவரில் மெஷினைக் காட்டாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் கால். ஒருநாள் ஹவாய் செருப்போடு நின்று அடித்தபோது கை தவறி நாசில் தாழ்ந்தது. செருப்பின் ஓரத்தில் கத்தியால் கீறினது மாதிரி ஒரு வெட்டு. அரை அங்குலம் தள்ளியிருந்தால் என் விரல். இந்த வேகத்தில் வரும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் 'பிரஷர் வாஷர் தண்ணீர் பட்டது' என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து கம்பூட், கண்ணாடி இரண்டும் இல்லாமல் நான் தொடுவதில்லை. ஏணி மேல் நின்று அடிப்பது கூடவே கூடாது. கன்னை அழுத்தின நொடியில் அது பின்னால் உதைக்கும், ஏணியில் நிற்கிறவருக்கு அந்த உதையே போதும்.

ஹோஸ் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் கோபம் இன்னும் அடங்கவில்லை. நான்காவது வருடம்தான் தனியாகப் 15 மீட்டர் ஹோஸ் வாங்கினேன். வெளிமரை எம்22 என்று பார்த்து வாங்கியும் முதலில் வந்தது சேரவில்லை. ஒரே மரையில் உள்முனை 14 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என்று இரண்டு ரகம் உண்டு என்பது திருப்பி அனுப்பின பிறகுதான் தெரிந்தது. சரியானதைப் போட்டதும் மெஷின் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டது. நான் மட்டும் நடந்தேன். அழுத்தம் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. 18 மீட்டர் சுவரை நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தாமல் முடித்தேன். இந்த நிம்மதியை முதல் நாளிலேயே கொடுத்திருக்கலாமே! எவ்வளவு மிச்சம் பிடிப்பதற்காக வாங்குகிறவர்களை மூன்று வருடம் ஈரத்தில் கரண்டோடு நடக்க விட்டார்கள்?

தம்பி, அதனால் என் பதில் இதுதான்: வாங்காதே. முற்றத்தைப் பற்றி மேலே எழுதினதெல்லாம் உண்மை, அம்மா நடந்ததும் உண்மை. ஆனாலும் இன்றைக்கு நீ கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். உன் வீட்டைக் கழுவ வருடத்துக்கு இரண்டு நாள் போதும், அதற்கு என்னுடையதே இருக்கிறது. மாட்டுத்தொழுவத்து ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் இதால் தொடமாட்டேன் என்று எனக்குச் சொல். அந்த நார் காற்றில் கலந்தால் நுரையீரலுக்குப் போகும், அது புற்றுநோய்க்கு வழி. ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் வா. நீள ஹோஸையும் வயரையும் எடுத்து வைத்திருக்கிறேன், உபரி ரிங் இரண்டு பையில் போட்டிருக்கிறேன். வரும்போது உன் கம்பூட்டை எடுத்துக்கொண்டு வா, என்னுடையது உனக்குப் பத்தாது.